பழைய ஆம்ப்ளிஃபயரில் பணம் போடலாமா?

வெள்ளி நிற அலுமினிய முகப்பு, சுவிட்சைத் தட்டினால் நீலமாக ஒளிரும் ரேடியோ டயல், விரலுக்குக் கனமாகச் சுழலும் வால்யூம் குமிழ். 1970-களின் மராண்ட்ஸ் 2270 ரிசீவரை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வராமல் இருக்காது. அந்த வரிசையில் மாடல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் ஒரு சேனலுக்கான வாட். 2230 என்றால் 30, 2270 என்றால் 70.

இந்த ஆசை நியாயமானது. இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் வரியும் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட செட்டுகள் பெரும்பாலும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டியில்தான் நம் ஊருக்கு வந்தன. மற்றவர்களுக்குக் கிடைத்தது சோனோடைன், காஸ்மிக் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள். அதற்கும் கையில் காசில்லாதவர்களுக்கு 2என்3055 டிரான்சிஸ்டரைப் போட்டு மெக்கானிக் கட்டித் தந்த அசெம்பிள்டு செட். அன்று எட்டாமல் இருந்த பொருள் இன்று செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகிறது. ஆனால் வீட்டில் இப்போது ஓடும் ஆம்ப்பைவிட அது நன்றாகப் பாடுமா என்பது தனிக் கேள்வி. பணத்தை எடுப்பதற்கு முன் அதற்குப் பதில் வேண்டும்.

பழையவற்றின் பலம் வெறும் ஞாபகத்தில் மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1974-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆம்ப்பை மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, இரண்டு சேனலையும் ஒன்றாக இயக்கி, தொடர்ந்து தர முடிந்த வாட்டை மட்டுமே விளம்பரத்தில் போட வேண்டும். இதற்கு ஈடுகொடுக்கத்தான் கம்பெனிகள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் தடித்த ஹீட் சிங்க்கும் வைத்தன. 1978-ல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்.-1980 சேனலுக்கு 270 வாட் தந்தது; எடை 35 கிலோவுக்கு மேல். பின்னாளில் நம் கடைகளில் அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வந்த பி.எம்.பி.ஓ. வாட்டோடு இதை ஒப்பிடவே கூடாது. அந்தக் காலத்து 40 வாட் உண்மையான 40 வாட்.

சரி, ஒலி? 1978-ல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தன்னுடைய மூன்று ஆம்ப்களைச் சோதனைக்கு வைத்தது. ஒன்று 1953-ன் வால்வு மாடல், இன்னொன்று 1967-ல் வந்த 303, மூன்றாவது 1975-ன் 405. எது பாடுகிறது என்று சொல்லாமல் பயிற்சியுள்ள காதுகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களால் நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல நிலையில் இருக்கும், தன் எல்லைக்குள் ஓடும் ஆம்ப்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவு சிறியது. வாட் கணக்கும் பலரை ஏமாற்றும். 30 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். சராசரி வீட்டு ஹாலில் நாம் சாதாரணமாகப் பாட்டுக் கேட்பது ஒன்றிரண்டு வாட்டில்தான். 1978-ன் நாட் 3020 வெறும் 20 வாட் ஆம்ப். பத்து லட்சத்துக்கு மேல் விற்று, இன்றும் தேடி வாங்கப்படுகிறது.

ஆகவே ஒலியில் மாற்றம் வேண்டும் என்பவர் முதலில் தொட வேண்டியது ஸ்பீக்கரை. அதை எங்கே வைத்திருக்கிறோம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, அறையில் திரைச்சீலையும் மெத்தையும் இருக்கிறதா என்பதெல்லாம் ஆம்ப்பை மாற்றுவதைவிட அதிகம் கேட்கும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைப் போட்டு, ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் ஆசை விடவில்லை என்றால் பெட்டியின் உள்ளே பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக் கருவியில் முதலில் சாவது எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். அதற்குள் இருக்கும் திரவம் மெல்ல உலர்ந்துவிடும். இந்த வகைக் கண்டன்சருக்கு 85 டிகிரி வெப்பத்தில் 1000, 2000 மணி நேரம் என்று ஆயுள் குறிப்பார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத ஷோகேஸில் இருந்த செட்டின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். மின்சாரப் பகுதியின் பெரிய கண்டன்சர் தளர்ந்தால் ‘ம்ம்ம்’ என்று ஹம் வரும். சிறியவை தளர்ந்தால் பேஸ் மெலியும், ஒரு சேனல் மங்கும். விற்பவர் இதையே ‘அந்தக் காலத்து இதமான சவுண்டு’ என்று சொல்லக்கூடும். வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். ரிலே முனைகள் கறுத்திருந்தால் ரிலேயை மாற்றினால் போதும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது எரிந்துபோன அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு. அந்தக் கால ஜப்பானிய டிரான்சிஸ்டர் ஜோடிகள் பல இப்போது தயாரிப்பில் இல்லை. சந்தையில் கிடைப்பதில் டூப்ளிகேட் அதிகம். எஸ்.டி.கே. வகை ஐ.சி.யில் ஓடும் செட்டுகளுக்கும் இதே கதிதான். போலியைப் போட்டால் வால்யூமை ஏற்றிய அன்றே அது போகும். போகும்போது ஸ்பீக்கரையும் கொண்டுபோகும். ஒருபக்க டிரான்சிஸ்டர் மட்டும் புதிதாக மின்னினால், அதை எதற்காக மாற்றினார்கள் என்று கேட்காமல் செட்டை வாங்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். முதல் முறை மின்சாரம் கொடுப்பது, பல்பைத் தொடரில் மாட்டிய சீரிஸ் போர்டு வழியாக இருக்கட்டும். 60 வாட் குண்டு பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பிறகு வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் சரிசெய்யாமல் உங்கள் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. ஒரு மணி நேரமாவது பாடவிட்டு இரண்டு பக்க ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சில கோளாறுகள் சூடேறிய பிறகே தலைகாட்டும்.

பின்பக்கத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட்டுக்குச் செய்தது, அமெரிக்க மாடல் 120. இவற்றை நேராக நம் 230-ல் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். தனியாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவும் எடையும் உங்கள் கணக்கில்தான். இன்னொரு சின்ன விஷயம்: பழைய ஆக்ஸ் நுழைவாய்கள் 150 மில்லிவோல்ட் அளவுக்குச் செய்தவை, சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். அதனால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் அலறும். ஆம்ப்பின் சக்தி அதிகம் என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கருத்து இது. உங்கள் ஆம்ப் சுத்தமாகப் பாடுகிறது, ஸ்பீக்கர்தான் சுமார் என்றால், பழைய ஆம்ப் வாங்காதீர்கள்; அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். எல்.பி. இசைத்தட்டு கேட்பவர், நல்ல ஃபோனோ நுழைவாய் தேவைப்படுபவர், கருவியைத் திறந்து பராமரிப்பதில் விருப்பமுள்ளவர் தாராளமாக வாங்கலாம். அப்போதும் கேட்ட விலையோடு முழு சர்வீஸ் செலவைக் கூட்டி, வரும் தொகைக்கு அது தகுமா என்று முடிவெடுங்கள். வேலை செய்து முடித்து, என்னென்ன பாகம் மாற்றினேன் என்று எழுதித் தரும் மெக்கானிக்கிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது, ‘வேலை செய்கிறதா தெரியாது’ என்று மலிவாக விற்பவரிடம் வாங்குவதைவிட எப்போதும் மேல்.