கை முறிந்தால் லீவு, மனம் முறிந்தால்?

காய்ச்சல் என்று எழுதுகிறோம். வயிற்றுவலி என்று எழுதுகிறோம். மஞ்சள் காமாலை என்று எழுதுகிறோம். மிஞ்சிப் போனால் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதுகிறோம். மனச்சோர்வு, மனப்பதற்றம் என்று உள்ளதை உள்ளபடி லீவு விண்ணப்பத்தில் எழுதத் துணிந்த தொழிலாளத் தோழர்கள் எத்தனை பேர்?

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலே அரிசி ஆலைகள் இருக்கின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. பஸ் டெப்போ இருக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகு, கலெக்டர் அலுவலகம் தொடங்கிச் சர்க்கார் அலுவலகங்களும் பெருகியிருக்கின்றன. இத்தனை இடத்திலும் இந்த நோய் இருக்கிறது. நோயின் பெயர்தான் இல்லை!

ஏன்? நோய்க்கு அஞ்சியா? இல்லை. வைத்தியத்துக்கு அஞ்சியா? அதுவும் அவ்வளவாக இல்லை. திரும்பி வேலைக்கு வரும் அந்த முதல் நாளுக்கு அஞ்சி!

கை முறிந்து ஆறு வாரம் வீட்டிலிருந்த தோழர் வேலைக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டிலேயே கூட்டம் கூடிவிடுகிறது. "எலும்பு கூடிடுச்சா?" என்று கேட்கிறோம். டீ வாங்கித் தருகிறோம். "மூட்டைய நீ தொடாதே, நாங்க பாத்துக்கறோம்" என்கிறோம். மேஸ்திரியும் முணுமுணுத்துக்கொண்டாவது உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றைத் தருகிறார். அதே ஆறு வாரம், தூக்கம் கெட்டு, பசி கெட்டு, இன்னதற்கென்று தெரியாத நடுக்கம் நெஞ்சைப் பிசைய வீட்டிலே கிடந்துவிட்டு, டாக்டர் தந்த மாத்திரையால் தேறி இன்னொரு தோழர் வருகிறார். பேச்சு நின்றுவிடுகிறது. ஓரக் கண்கள் பார்க்கின்றன. யாரோ ஒருவர், வேடிக்கை என்று எண்ணிக்கொண்டு, "என்னப்பா, கீழ்ப்பாக்கத்துல எப்ப விட்டாங்க?" என்று கேட்டு வைக்கிறார். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஆறு வாரத்து வைத்தியம் ஆறு நொடியில் பாழ்!

கீழ்ப்பாக்கம் என்ன பாவம் செய்தது? 1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மருத்துவமனை அது. எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடம். அதை 1961 முதல் 1978 வரை தலைமை ஏற்று நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். தேறியவர்களுக்கு வேலையும் வாழ்வும் வேண்டும் என்றே உழைத்து, 1984இல் 'ஸ்கார்ப்' என்ற நிறுவனத்தையும் அமைத்தவர். அப்படிப்பட்ட இடத்தின் பெயரை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். வைத்தியத்துக்குப் போவதே கேவலம் என்றால், நோயாளி எங்கே போவான்? தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் போவான். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தவர்களைத் தீ சூழ்ந்து 28 உயிர்கள் போயின. அந்தச் சங்கிலியில் நம் ஏளனச் சிரிப்பும் ஒரு கண்ணிதான்.

"இதெல்லாம் பணக்காரனுக்கு வரும் நோய், உழைக்கிறவனுக்கு ஏது?" என்று நம் தோழர்களே பேசக் கேட்டிருக்கிறோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நாடு முழுதும் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.6 விழுக்காட்டினர், ஏதோ ஒரு மனநோயால் வாடுவதாகக் கண்டது. வருமானம் குறைந்தவர்களிடமே அது கூடுதல் என்றும் கண்டது. கடன், உறக்கமற்ற இரவு ஷிப்டு, நாளைய வேலை நிச்சயமில்லாமை, மேலதிகாரியின் ஏச்சு — இவையெல்லாம் மாளிகையிலா இருக்கின்றன? மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்று 2022 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் கூட்டாகச் சொல்லின. முதலாளிக்கு இது நட்டக் கணக்கு. நமக்கு? நம் பக்கத்து மிஷினில் நின்றவனின் வாழ்வு!

சட்டம் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொழிலாளி, நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறுகிறார். நீண்ட நாள் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. காசநோயும் புற்றுநோயும் இருக்கும் அதே பட்டியலில் கடுமையான மனநோய்களும், அவற்றுள் ஒருவகை மனச்சோர்வும் இடம் பெற்றிருக்கின்றன. அதற்குச் சந்தா கட்டிய காலம் போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால், 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. எத்தனை சங்கச் செயலாளர்கள் இதை அறிவார்கள்? நோய்ப் பணம் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். இன்று தொழிற்சட்டங்களை நான்கு தொகுப்புகளாகக் கட்டிவிட்டார்கள். கட்டு மாறலாம், அந்த நியாயம் மாறலாகாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வைத்தியத்தில் வேற்றுமை கூடாது என்றது. மருத்துவக் காப்பீட்டிலும் கூடாது என்றது. நோயாளியின் நோய் இன்னதென்று மருத்துவத் துறையினர் வெளியே சொல்லாமல் காக்க வேண்டும் என்றது.

உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர். 2001இல் பணியில் சேர்ந்தவர். 2009இல் மனநோய் கண்டது. அதனோடு மனச்சோர்வும் சேர்ந்தது. அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரிசையாகப் பாய்ந்தது. 2021 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் அவற்றில் முதல் விசாரணை தொடர்பான நடவடிக்கையை ரத்து செய்தது. நோயின் விளைவைக் குற்றமாக்கித் தண்டிப்பதும் பாரபட்சமே என்றது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் வேறு வேலை கொடு, ஊதியத்தைக் குறைக்காதே என்றது. துப்பாக்கியைக் கையாளாத வேலையாகக் கொடுக்கலாம் என்றும் வழி காட்டியது. துப்பாக்கி தூக்குகிற படைக்கே இது பொருந்தும் என்றால், மூட்டை தூக்குகிற இடத்துக்குப் பொருந்தாதா?

ஆனால் அந்தத் தீர்ப்பு 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் பற்றி நின்றது. அந்தப் பிரிவு சர்க்கார் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். அதிலும் நோய் ஊனமாக முற்றியவருக்கே அது துணை. இரண்டு மாதம் லீவில் இருந்து தேறி வருகிற சாதாரண மனச்சோர்வுக்காரர் அந்தக் குடைக்குள் வரமாட்டார். தனியார் ஆலைத் தொழிலாளிக்கோ அந்தக் குடையே இல்லை. இங்கேதான் ஓட்டை இருக்கிறது.

சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் இரண்டே வகை மனிதரைத்தான் தெரியும். ஒருவர் நோயாளி, மற்றவர் தகுதியுள்ளவர். சர்க்கார் ஊழியர் மருத்துவ லீவு முடிந்து வந்தால் தகுதிச் சான்று கொண்டுவந்தாக வேண்டும். அடிப்படை விதி 71 அப்படித்தான் சொல்கிறது. ஆலைகளிலும் அதே வழக்கம். சான்றைக் கொடுத்தவுடன் கதவு முழுக்கத் திறக்கிறது. முழுச் சுமையும் தோளில் ஏறுகிறது. ஆனால் மனம் அப்படித் தேறுவதில்லையே! மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். உறக்கம் முதலில் திரும்பும், பசி திரும்பும். கவனமும் ஞாபகமும் கடைசியில்தான் திரும்பும். காலையில் மாத்திரையின் மந்தம் இருக்கும், வாய் உலரும். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் மருந்தை விடக்கூடாது. "நல்லாத்தானே இருக்கே, எதுக்கு மாத்திரை?" என்று உறவுக்காரரும் நண்பரும் சொல்ல, அதைக் கேட்டு நிறுத்தியவர்கள் மறுபடி விழுந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

இந்த இடைப்பட்ட இரண்டு மூன்று மாதத்துக்கு விதிப் புத்தகத்தில் பெயரில்லை. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை இரவு பகலாக மூன்று ஷிப்டு ஓடும். பாய்லர் பக்கம், ஓடுகிற மிஷின் பக்கம், தூக்க மந்தம் உள்ள ஆளை இரவு ஷிப்டில் நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. பகல் ஷிப்டு கொடு, முதல் இரண்டு வாரம் சுமையைக் குறை, டாக்டரிடம் போக மாதம் ஒரு நாள் விடு என்று கேட்பது சலுகை கேட்பது ஆகுமா? மாவுக்கட்டுக்காரருக்கு நாம் சொல்லாமலே கொடுக்கிறோமே, அதுதான் இது. உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டலில், வைத்தியத்தோடு வேலைச் சுமையையும் சரிசெய்து படிப்படியாகத் திரும்ப வைப்பதையே பரிந்துரைத்தது. இதை நிர்வாகம் தானாகத் தராது. சங்கம் கேட்டால் தரும். அதுவும் உரக்கக் கேட்டால்.

இவ்வளவும் லீவு உள்ளவரைப் பற்றிய பேச்சு. லீவே இல்லாதவர்?

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறிப் பாருங்கள். கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். சாமையும் மரவள்ளியும் வயிற்றுக்குப் போதாமல், பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார், ஆள் கிளம்புகிறார். போன இடத்தில் மனம் உடைந்து, பாதியில் ஊர் திரும்பினால் என்ன ஆகிறது? யாரிடம் தகுதிச் சான்று கொடுப்பது? எந்த அதிகாரி லீவை அனுமதிப்பது? முன்பணம் கடனாகத் தலையில் நிற்கிறது. "ஏறு வண்டியில்" என்று மேஸ்திரி வாசலில் நிற்கிறார். முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை வேலைக்கு இழுப்பது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்! நோயுற்றவரை இழுத்தால் இரட்டைக் கொடுமை. மலையடிவாரக் கிளைத் தோழர்கள் இதைத் தாசில்தாரிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும்.

2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் மிகப் பலர் அன்றாடக் கூலிகள். அவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் லீவு இல்லாதவனுக்கு, மருந்து கிட்டாதவனுக்கு, உறக்கம் வராத இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது என்ன என்று கேட்கிறோம். பாக்கெட் அல்லவா! அந்தக் கொடுமைக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பஸ், மருத்துவம் என்று பேச்சு வந்தது. அந்த மருத்துவத்தில் மனத்துக்கும் பங்கு கேட்கிறோம். 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறதே, வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூருக்கும் அதே பையில் இந்த மாத்திரையும் மாதம் தவறாமல் வரட்டும். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி அங்கே வந்து சேர வேண்டும் என்றால், மலைக்காரர் இரண்டாம் முறை வரமாட்டார். மாதத்தில் ஒரு நாளாவது மனநல மருத்துவர் மலை ஏறட்டும்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. லீவிலிருக்கும் தோழர் திரும்பி வருவதற்கு முதல் நாளே அவர் வீட்டுக்குப் போங்கள். என்ன நோய் என்று துருவ வேண்டாம். "நாளைக்கு நானும் உங்களோட வர்றேன்" என்றால் போதும். ஷிப்டு பற்றி மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கீழ்ப்பாக்கப் பேச்சை எடுப்பவர் சங்கத்துக்காரரானால் அங்கேயே நிறுத்துங்கள். இரவும் பகலும் காசில்லாமல் பேசக்கூடிய சர்க்காரின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. அதைச் சங்கத்துக் கரும்பலகையின் மூலையில் சாக்குக்கட்டியால் எழுதி வையுங்கள். நின்று அதைக் குறித்துக்கொள்கிற தோழரிடம், யாருக்காக என்று கேட்க வேண்டாம்.