துக்க வீட்டில் கையெழுத்து கேட்காதீர்கள்

கணவர் இறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர் முத்திரைத்தாளை நீட்டுவார். "சும்மா ஒரு கையெழுத்துதான்மா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." சோறு இறங்காமல், தூக்கமில்லாமல் கிடக்கும் பெண் அதைப் படித்துப் பார்க்கும் நிலையிலா இருப்பார்? காரியம் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், சொத்தில் அவருடைய பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுவதும் நடக்கிறது. இது துக்கத்தைப் பயன்படுத்திச் செய்யும் களவு.

உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று பங்கை மறுக்க முடியாது. வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே, பணம் வாரிசுகளுடையது.

ஏமாந்து கையெழுத்திட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். மன வேதனையால் நிலைகுலைந்திருப்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. உண்மை தெரியவந்த 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

தள்ளிப்போடக் கூடாதது இறப்புப் பதிவு. 21 நாளைக்குள் முடித்துவிடுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு அந்த இறப்புச் சான்றிதழ் வேண்டும். பாகப்பிரிவினை காத்திருக்கலாம்.

அழுகை நோயல்ல, "அழாதே" என்று அடக்கவும் வேண்டாம். ஆனால் 6 மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், அன்றாட வேலைகூடச் செய்ய முடியாமல் கிடந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். "நானும் போயிடறேன்" என்று சொல்பவரை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள்.

பதினாறாம் நாளோடு கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். அவர் இன்னும் எழாமல் கிடந்தால், மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.