ஐம்பது பேருக்காக ஒரு படகு

2020 ஆகஸ்டில் அந்தமான் சுகாதாரத் துறையின் குழு ஒன்று போர்ட் பிளேரிலிருந்து (இன்று ஸ்ரீ விஜயபுரம்) ஸ்ட்ரெய்ட் தீவுக்குப் படகேறியது. மழைக்காலம். கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. பரிசோதிக்க வேண்டியிருந்தது வெறும் 37 பேரை.

ஆனால் அதைவிடப் பெரிய அவசரம் அந்த நிர்வாகத்துக்கு அப்போது இருந்திருக்க முடியாது. தீவில் வசிப்பவர்கள் கிரேட் அந்தமானியர்கள். உலகத்தில் எஞ்சியிருப்பவர்களே ஐம்பது சொச்சம் பேர்தான். அரசு வேலை, ஆஸ்பத்திரி என்று தலைநகருக்குப் போய்வருபவர்களும் உண்டு. அங்கே இருந்த 6 பேருக்கு கொரோனா தொற்று தெரிந்ததும்தான் படகு கிளம்பியது. தீவில் மேலும் 4 பேர் சிக்கினார்கள். ஆக, கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்!

அதிகாரிகள் பதறியதற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. 1858ல் பிரிட்டிஷார் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது இந்த இனத்தவர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877ல் தட்டம்மை புகுந்தது. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்புகள்; கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19 பேர்.

அதே தட்டம்மை 1999ல் ஜாரவாக்களிடம் வந்தது. அவர்கள் காட்டை விட்டு வெளியே வந்து பழக ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இம்முறை கதம்தலாவிலும் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், இவர்களுக்கு ஆஸ்பத்திரியே ஓர் ஆபத்து. காலில் கட்டுப்போட வந்தவர் காய்ச்சலை வாங்கிக்கொண்டு காட்டுக்குத் திரும்பக்கூடும். எனவே, நோயாளியைத் தனியாக வைப்பதும், அவர்களிடம் போகும் ஊழியர்களை முதலில் பரிசோதிப்பதும்தான் இங்கே உண்மையான முன்னேற்பாடு. மருந்து அதற்கு அப்புறம்.

நெருக்கடியில் கட்டடமும் கைகொடுக்காமல் போகலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக் குடியிருப்பு அழிந்தது. அங்கிருந்த ஓங்கிகள் கடலின் போக்கைப் பார்த்தே மேட்டுக்கு ஓடித் தப்பிவிட்டார்கள். அவர்களுடன் காட்டில் கூடாரத்தில் தங்கி வைத்தியம் பார்த்தவர் சாந்தி தெரசா லக்ரா என்ற அரசு நர்ஸ். 2011ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்பது ஊசிக்கே மிரளும் மக்களிடம் பழகியவர்களுக்குப் புரியும்.

2020ல் தொற்றிய 10 பேரும் பிழைத்துவிட்டார்கள். சுகாதாரத் துறை நியாயமாகப் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தமான் டிரங்க் ரோடு? ஜாரவாக்களின் காட்டை ஊடுருவிப் போகும் இந்தச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002ல். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் இன்றும் போலீஸ் காவலுடன் வரிசையாகக் கிளம்பிப் போகின்றன.