சிவிங்கியும் காமிராவும்

மூன்று சிவிங்கிகள் உயிரற்றுத் தரையில் கிடக்கின்றன. அவற்றைச் சுட்டு வீழ்த்திய மகாராஜாவும் படத்தில் இருக்கிறார். 1947-ஆம் வருஷம் கொரியா சமஸ்தானத்தில், அதாவது இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்துக் காட்டுப் பிரதேசத்தில் நடந்த வேட்டையின் ஞாபகார்த்தம் அது. தேசம் சுதந்திரம் பெற்ற வருஷமும் அதுவே. இரவில் மோட்டாரில் சென்றபோது கண்ணுக்குப் பட்ட மூன்றும் அங்கேயே மடிந்தன. 1952-ல் சர்க்காரே, “இந்தியாவில் சிவிங்கி இனம் அற்றுவிட்டது” என்று அறிவித்தது. ஓர் அழகிய பிராணியைப் பற்றி நம் நாட்டுக்கு மிஞ்சிய கடைசிச் சாட்சி, அதன் பிணத்தின் புகைப்படம்! இதைவிட வெட்கத்துக்குரிய விஷயம் வேறு உண்டோ?

சிவிங்கி என்றதும் நம்மில் பலர் சிறுத்தையை நினைத்துக் கொள்கிறோம். இரண்டும் வேறு. சிறுத்தையின் புள்ளிகள் பூவிதழ்கள் போல் வளையமிட்டிருக்கும். சிவிங்கியின் புள்ளிகளோ மையால் பொட்டிட்டது போல் நிறைந்திருக்கும். சிவிங்கியின் கண்ணோரத்திலிருந்து வாய் வரையில் ஒரு கரிய கோடு இறங்குகிறது. அழுத கண்ணீர் காய்ந்த தடமோ என்று தோன்றும். அதற்குக் கர்ஜிக்கத் தெரியாது. பூனையைப் போல் குறுகுறுக்கும், பட்சியைப் போல் கீச்சிடும். ஆங்கிலத்தில் அதை ‘சீட்டா’ என்கிறார்களே, அந்தப் பெயரும் புள்ளியுடையது என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல்லின் திரிபுதான். பெயரை உலகத்துக்குத் தானம் செய்துவிட்டு, பிராணியை நாம் இழந்தோம்.

இழந்தது ஒரே நாளில் அன்று. மான் வேட்டைக்காகச் சிவிங்கிகளைக் காட்டில் பிடித்துப் பழக்குவது அரசர்களின் பொழுதுபோக்கு. அக்பர் பாதுஷா ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்து வைத்திருந்ததாக அவருடைய குமாரர் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். ஆனால் கூட்டிலும் சங்கிலியிலும் கிடந்த சிவிங்கி குட்டி போடுவது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகக் காட்டிலிருந்தே பிடித்து வர வேண்டியிருந்தது. புல்வெளிகள் கழனிகளாயின, இரையான மான்கள் குறைந்தன, மிஞ்சியதைத் துப்பாக்கி பார்த்துக் கொண்டது.

துப்பாக்கி பிடித்த கைகள் இன்று காமிராவைப் பிடிக்கின்றன. உலகமெங்குமிருந்து மக்கள் ஆப்பிரிக்காவுக்கு யாத்திரை போவது சிவிங்கியைச் சுடுவதற்காக அல்ல, படமெடுப்பதற்காக. நேயர்களே, நாமும் மனோரதத்தில் ஏறிக் கென்யா தேசத்து மாஸாய் மாராப் புல்வெளிக்கு ஒரு முறை போய் வருவோமா?

பொழுது புலருமுன் புறப்பட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் அனல் கானலாக அசைந்து, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் படத்தை மங்கச் செய்துவிடும். சிவிங்கியும் பெரும்பாலும் காலையிலும் மாலையிலுந்தான் வேட்டையாடுகிறது. எங்கே தேடுவது? கரையான் புற்றுகளின் மேல் பாருங்கள். அதன் மேல் ஏறி நின்று தூரத்து மான்களை அளவெடுப்பது அதன் வழக்கம். மோட்டாரின் ஜன்னலில் ஒரு மணல் மூட்டையை வைத்து, அதன் மேல் நீண்ட லென்ஸைப் பொருத்தி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமாகலாம், ஒரு நாளே ஆகலாம்.

அப்புறம் அந்த ஓட்டம்! தலை தாழ்கிறது, உடல் வில்லாக வளைகிறது, அவ்வளவுதான். ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு நேரமே திறந்து மூடும் காமிராவுக்குத்தான் அந்தக் கால்களை அசையாமல் நிறுத்திக் காட்ட முடியும். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, போட்ஸ்வானா நாட்டுச் சிவிங்கிகளின் கழுத்தில் கருவி கட்டி 367 ஓட்டங்களை அளந்தது. உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஆனால் பெரும்பாலான ஓட்டங்களில் வேகம் அதில் பாதியை ஒட்டியே இருந்தது. மானைப் பிடிக்க உதவுவது வேகம் மட்டுமல்ல. சட்டென்று வேகத்தை அடக்கித் திரும்பும் லாகவமே என்று தெரிந்தது.

எல்லா நல்ல படமும் ஓட்டத்தின் படமல்ல. 2020 ஜனவரியில் மாராவின் தாலெக் ஆறு கரை புரண்டது. ஆண் சிவிங்கிகள் ஐந்து அக்கரை போக வழி தேடி மணிக்கணக்காகக் கரையோரம் அலைந்தன. புத்திலினி டி சொய்ஸா என்ற பெண்மணி அவற்றுடன் பொறுமையாகக் காத்திருந்தார். திடீரென்று முதல் சிவிங்கி வெள்ளத்தில் குதித்தது, மற்றவை பின்தொடர்ந்தன. சுழித்தோடும் செந்நீரில் பற்களைக் கடித்துக்கொண்டு நீந்தும் ஐந்து முகங்களைக் காட்டும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஐந்தும் பத்திரமாகக் கரையேறின.

இவ்வளவும் கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு சிவிங்கி கண்ணில் பட்டால் ஒரு வண்டியா வருகிறது? பத்து வரும், இருபது வரும்; கல்யாண ஊர்வலம் போல் சூழ்ந்துகொள்ளும். ஓடிக் களைத்த சிவிங்கிக்கு மூச்சு வாங்கவே வெகு நேரம் பிடிக்கும். அதற்குள் சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் இரையைப் பறிகொடுக்க வேண்டியதுதான். குட்டிகளைப் புதரில் ஒளித்துவிட்டு வேட்டைக்குப் போகும் தாய்க்கு வண்டிகளின் இரைச்சல் சாதாரணத் தொல்லையல்ல. மாஸாய் மாராவைப் பற்றி 2018-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் கணக்காகவே காட்டிவிட்டது. வண்டிகள் குறைந்த பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரி இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகள் தாயை விட்டுப் பிரியும் வயது வரை பிழைத்தன. வண்டிகள் மொய்த்த பகுதியிலோ, ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி என்ற கணக்கே தேறியது! அன்பினால் எடுக்கும் படமும் அளவு மீறினால் துப்பாக்கியின் வேலையையே செய்துவிடுகிறது.

அதே காமிரா அடக்கமாக இருந்தால் பேருபகாரமும் செய்யும். ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டுமே, சில பத்துக்கள் என்ற அளவில், உயிர் வைத்திருக்கிறது. அங்கே பாலைவனப் பாதைகளில் ஆளில்லாமல் வைத்திருக்கும் காமிராக்கள், பிராணி கடக்கும்போது தாமாகவே படமெடுக்கின்றன. ஒரு சிவிங்கியின் புள்ளிகள் போல் மற்றொன்றுக்கு இரா. நம் கைரேகை போலத்தான். புள்ளிகளை ஒப்பிட்டு, எது புதியது, எது பழையது, எந்தத் தாய்க்கு எத்தனை குட்டி என்று அறிகிறார்கள். யாரும் துரத்தவில்லை, யாரும் சூழ்ந்துகொள்ளவில்லை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி, நமீபியாவிலிருந்து வந்த எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் கூனோ வனத்தில் விடப்பட்டன. பிரதமரே கூண்டைத் திறந்துவிட்டு, பிறகு காமிராவைக் கையிலெடுத்துப் படம் பிடித்தார். 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன. இவை ஆப்பிரிக்க இனம். நாம் இழந்த ஆசிய இனமல்ல. வந்தவற்றில் பல இறந்தன. 2023 மார்ச்சில் பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று அந்தக் கோடையைத் தாண்டவில்லை. பிழைத்த ஒன்றைத் தாயும் கைவிட்டது. வனக் காவலர்களே ஊட்டி வளர்த்தார்கள். முகி என்று பெயரிடப்பட்ட அந்தப் பெண் குட்டிதான் 2025 நவம்பரில் ஐந்து குட்டிகளை ஈன்றது.

கூனோவுக்கும் இனிக் காமிராக்கள் திரளாகப் போகும், போகட்டும். ஆனால் போகிறவர்கள் 1947-ஆம் வருஷத்துப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டும். அருகே நெருங்கினால்தான் நல்ல படம் என்ற எண்ணம் வரும்போது, இன்னும் பத்து கஜம் பின்னால் நகரட்டும். தாயும் குட்டிகளும் அஞ்சாமல் புல்லில் விளையாடும் படம் ஒன்று நமக்கு வேண்டும். எழுபத்தைந்து வருஷத்துக்கும் முந்தைய அந்தப் பழியைத் துடைக்க வேறு எந்தப் படத்தாலும் முடியாது.