ஒரு கப் சீஸ் எத்தனை கிராம்?

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 'துருவிய செடார் சீஸ் ஒரு கப்' என்று போட்டிருப்பார்கள். நம் ஊர்க் கடையில் சீஸ் கிராம் கணக்கில்தான் கிடைக்கும். கப் என்றால் 240 மில்லி, ஆகவே 240 கிராம் என்று மனக்கணக்குப் போட்டு, 200 கிராம் பாக்கெட் இரண்டு வாங்கிவிடுகிறோம்.

ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்பது தண்ணீருக்கான கணக்கு. துருவிய சீஸில் இழைக்கு இழை காற்றுதான். ஒரு கப் துருவிய செடார் ஏறக்குறைய 113 கிராம்தான் வரும். ஒரு பாக்கெட்டில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தாலே போதும். அதே சீஸைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் கப்புக்கு 130 கிராம் வரை பிடிக்கும். விரலால் அமுக்கினால் இன்னும் ஏறும். ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ் போன்ற ஈரமான வகைகள் மட்டும் 225 முதல் 250 கிராம் வரை நிற்கும். கப்பும் ஒரே அளவில்லை: ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, நம் வீட்டு ஆழாக்கு சுமார் 168 மில்லி. சின்னத் தராசு ஒன்று வாங்கிவைப்பது உத்தமம்.

கணக்குப் பிசகினால் காசு மட்டும் போவதில்லை. 240 கிராம் செடாரில் சோடியம் சுமார் 1,500 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் பங்கிட்டாலும், ரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. பதப்படுத்திய சீஸில் உப்பு பொதுவாக இதைவிடத் தூக்கல்.

கடையில் நமக்கு என்ன உரிமை? பாக்கெட்டின் மேல் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், நுகர்வோர் புகார் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் உண்மையில் உதவுவது. உப்பிய துருவல் பாக்கெட்டையும் கட்டிச் சீஸையும் அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும். துருவல் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மாவும் அந்த எடைக்குள் அடக்கம். வெட்டி நிறுத்துத் தரும் கடைகளில் டப்பாவின் எடையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வைக்க வேண்டும். அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடை குறைந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். 200 கிராம் பாக்கெட் ஒன்றில் 9 கிராம் வரை குறைவைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் குறைந்தால், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையிடம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ரசீதும் பிரிக்காத பாக்கெட்டும் கையில் இருக்கட்டும். துருவி தோசையில் தூவிய சீஸை எந்த அதிகாரியாலும் நிறுத்துப் பார்க்க முடியாது.