ஒரு பல்லின் நிழல்: காணாமலாக்கப்பட்டோரைத் தேடுவதில் எக்ஸ்ரே கோணம் ஏன் முக்கியம்?

காணாமலாக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்திடம் அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு என்று ஒரு கோப்பு நிச்சயம் இருக்கும். அந்தக் கோப்பில் பெரும்பாலும் இல்லாத, ஆனால் வீட்டின் எங்கோ ஒரு மூலையில் கிடக்கக்கூடிய ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. அது அவருக்கு எப்போதோ எடுத்த பல் எக்ஸ்ரே படம்.

திருகோணமலை லிங்கநகரில் நான் சந்தித்த ஒரு தாய், மகனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது எடுத்த சிறிய பில்மை மருந்துச் சிட்டைகளோடு வைத்திருந்தார். "இதை இதுவரை ஒருத்தரும் கேட்கேல்லை பிள்ளை. இதில என்னதான் தெரியும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பல் வைத்தியத் துறையில் தெளிவான விடை இருக்கிறது.

இறந்தவரை அடையாளம் காண இன்டர்போல் மூன்று முதன்மை வழிகளை ஏற்கிறது: கைரேகை, மரபணு, பல். மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்த உடலில் கைரேகை மிஞ்சாது. மரபணுவும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையலாம். உடலில் மிகக் கடினமான பொருளான பல் மிளிரி மட்டும் நீண்டகாலம் நிலைக்கும். 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் முதல் மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பல் பதிவுகளைக் கொண்டே அறியப்பட்டனர். அவர்களில் அநேகர் வெளிநாட்டுப் பயணிகள். அவர்களுடைய நாடுகளில் பல் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தன. அப்படிப் பதிவு இல்லாத உள்ளூர் மக்களின் உறவுகள் கூடுதல் காலம் காத்திருக்க நேர்ந்தது.

ஆனால் படம் இருந்தால் மட்டும் போதாது. எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். உச்சி வெயிலில் நம் நிழல் குறுகுகிறது, மாலையில் நீள்கிறது. ஆள் ஒருவர்தான், மாறுவது கதிர் விழும் கோணம். பல்லுக்கும் இதே விதிதான். கதிர்க் குழாயை அளவுக்கு மீறிச் செங்குத்தாகச் சாய்த்தால் பல்லும் வேரும் குறுகித் தெரியும். போதிய அளவு சாய்க்காவிட்டால் நீண்டு தெரியும்.

இதைச் சரிசெய்ய இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது இணைகோட்டு முறை. ஒரு பிடிகருவியால் பில்மைப் பல்லின் நீளவாட்டத்துக்கு இணையாக நிறுத்தி, இரண்டுக்கும் செங்குத்தாகக் கதிரைச் செலுத்துவார்கள். உருவம் பெரிதாகாமலிருக்கக் குழாய் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். உண்மையான அளவுக்கு மிக நெருங்கிய படம் இதில்தான் கிடைக்கும்.

மேல்வாயில் அண்ணம் வளைந்திருப்பதால் பில்மை எப்போதும் இணையாக வைக்க முடியாது. அப்போது கைகொடுப்பது இருசமக்கோண முறை. பல்லும் பில்மும் சேர்ந்து உண்டாக்கும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனதில் வரைந்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விட வேண்டும். அப்போது நிழலின் நீளமும் பல்லின் நீளமும் சமமாகும். போலந்து நாட்டுப் பல் வைத்தியர் சீஷின்ஸ்கி 1907இல் சொன்ன விதி இது. மேல் முன்பற்களுக்குக் கிட்டத்தட்ட 40 முதல் 45 பாகை, மேல் கடைவாய்ப் பற்களுக்கு 20 முதல் 25 பாகை என்று குழாய் கீழ்நோக்கிச் சாய்க்கப்படும். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு ஏறக்குறையக் கிடையாகவே இருக்கும்.

பக்கவாட்டுக் கோணமும் முக்கியம். இரண்டு பற்களின் இடைவெளி ஊடாகக் கதிர் நேரே போகாவிட்டால் அடுத்தடுத்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரியும். இடையிலுள்ள சொத்தையும் அடைப்பும் மறைந்துவிடும்.

இனி அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். நிபுணர் முதலில் பழைய படத்தைப் பார்த்து அது எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது என்று கணிப்பார். பிறகு அகழ்ந்தெடுத்த தாடை எலும்பை அதே கோணத்தில் வைத்து, சில பாகைகள் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுப்பார். வேரின் வளைவு, அடைப்பின் விளிம்பு, எலும்பின் உள்வலை ஆகியவை அப்போதுதான் ஒப்பிடத் தகுந்தவையாகும். கோணம் பிழைத்தால் ஒரே பல் இரு வேறு ஆட்களின் பல்லாகத் தோன்றலாம்.

பில்மின் மூலையிலுள்ள சிறு புள்ளிக்கும் இங்கே வேலை உண்டு. வலம் எது, இடம் எது என்று சொல்வது அதுதான். பில்மைப் புரட்டி வைத்துப் பார்த்தால் உண்மையான பொருத்தமும் தவறிப்போகும்.

எல்லா வேறுபாடும் நிராகரிப்பு ஆகாது. பழைய படத்தில் இருந்த பல் எலும்பில் இல்லையென்றால், இடையில் அது பிடுங்கப்பட்டிருக்கலாம். ஆனால் முன்பே பிடுங்கப்பட்ட நிலைத்த பல் பின்னர் எலும்பில் இருக்க முடியாது.

சிறுவர்களுக்குப் பழைய படம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே பேசும். முதல் நிலைத்த கடைவாய்ப் பல் ஏறக்குறைய 6 வயதிலும், இரண்டாவது ஏறக்குறைய 12 வயதிலும் முளைக்கின்றன. முரசுக்குள் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். இங்கேயும் கோணம் பிழைத்து வேர் குறுகித் தெரிந்தால் வயது குறைவாகக் கணிக்கப்படும்.

இது எமக்குத் தூரத்து விடயமல்ல. கொக்குத்தொடுவாயில் 2023, 2024 அகழ்வுகளில் 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கும் மேற்பட்டவை கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில், எங்கள் கொட்டியாரக் குடாவின் அக்கரையான சம்பூரில், கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன.

குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பல் எக்ஸ்ரே, முகத்தின் அல்லது தலையின் எக்ஸ்ரே, பற்கள் தெரியச் சிரிக்கும் புகைப்படம் எதுவானாலும் தேடி எடுங்கள். பில்மை மடிக்கவோ லமினேற் செய்யவோ வேண்டாம். ஈரமில்லாத காகித உறையில் வைத்து, உறையின் மேல் பெயரையும் எடுத்த ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். பின்னால் வெளிச்சம் வரும்படி பிடித்து, புள்ளியும் தெரியக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். எந்த அலுவலகத்துக்கும் மூலப்படத்தைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். படமே இல்லாதவர்கள் எந்தப் பல் பிடுங்கப்பட்டது, எது உடைந்திருந்தது, எது முன்தள்ளியிருந்தது என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வைக்கலாம்.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. அகழ்ந்தெடுக்கும் ஒவ்வொரு தாடையும் களஞ்சியத்துக்குப் போகுமுன் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறதா? கோணம் பதியப்படுகிறதா? ஒற்றை வேர்ப் பற்கள் எலும்பிலிருந்து இலகுவில் கழன்று விழும் என்பதால் இதில் தாமதம் கூடாது. புதைகுழி வழக்குகளில் குடும்பங்கள் சார்பில் நிற்கும் சட்டத்தரணிகள் இந்தக் கேள்விகளை நீதவான் முன்னிலையில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். எலும்பின் பக்கத்துப் படம் ஒழுங்காக எடுக்கப்பட்டால்தான், வீட்டு அலுமாரியில் இருக்கும் படத்துக்கு ஒரு பயன் உண்டு.