பார்சல் எங்கே நிற்கிறது?

ஹாங்காங்கில் கிளம்பும் விமானம் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் போதும். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தாமல், ஓச்சேரி தாண்டி இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் காவேரிப்பாக்கம் வந்துவிடும். எல்லாம் சேர்த்து எட்டரை மணி நேரம். காலையில் புறப்படும் பொருள், இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் இருக்கலாம்.

ஆனால் காவேரிப்பாக்கம் பகுதியில் தோல் பை, பெல்ட் என்று செய்யும் ஒருவர் தையல் மெஷினுக்கு ஒரு சின்ன பாகத்தை வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், சாதாரண தபாலில் அது வந்து சேர மூன்று வாரம் ஆவது சகஜம். மூன்று வாரம் என்றால் 504 மணி நேரம். அதில் பயணம் எட்டரை மணி. நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மற்ற நேரமெல்லாம் அந்தப் பாகம் எங்கேயோ அசையாமல் கிடந்திருக்கிறது. கடல் கடந்து வருகிறதே, தாமதம் ஆகத்தானே செய்யும் என்று தூரத்தின்மேல் பழி போட்டுவிடுகிறோம். எங்கே கிடந்தது, ஏன் கிடந்தது என்று தேடிப் போனால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. வியக்க வைக்கும் கணக்கு அது.

தூரமே எதிரியாக இருந்த காலமும் இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் லண்டனிலிருந்து சென்னைக்குக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆனது. நீராவிக் கப்பலும் எகிப்தின் தரைவழியும் சேர்ந்து அதை ஒன்றரை மாத அளவுக்குக் குறைத்தன. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியது. அது போய் நின்ற இடம் காவேரிப்பாக்கத்துக்கு மேற்கே இருக்கும் வாலாஜா ரோடு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1932-ல் விமானத் தபால் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை வந்தது. ஒவ்வொரு முறையும் வெல்லப்பட்டது தூரம்தான். அதை முழுக்க வென்ற பிறகே, அதன் பின்னால் ஒளிந்திருந்த காத்திருப்பு கண்ணில் பட்டது.

இன்றைய பார்சலின் மேலே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இந்தியாவிலிருந்து போனால் ‘ஐஎன்’. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல், ‘ஈ’ என்றால் விரைவுத் தபால். ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் உண்மையான எண், ஒன்பதாவது காவல்காரன். எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழித்தால் அந்த ஒன்பதாவது இலக்கம் வரும். (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுதவேண்டும்.) 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, காவல் இலக்கம் 5. அவசரத்தில் யாராவது நாலையும் ஐந்தையும் இடம் மாற்றி அடித்தால் காவல் இலக்கம் 6 ஆகவேண்டும்; 5 இருப்பதைப் பார்த்ததும் கணினி பிழை என்று சொல்லிவிடும். கைத்தவறுகளில் பெரும்பாலானவை இப்படியே பிடிபடுகின்றன. ஜப்பானில் ஒட்டிய எண்ணை ஜோலார்பேட்டையில் படிக்க முடிகிறது என்றால், நாடுகள் உட்கார்ந்து பேசி ஏற்ற ஒழுங்கு அது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம்தான் இன்றும் இதைக் கட்டிக் காக்கிறது. இந்தியா 1876-ல் அதில் சேர்ந்தது.

இவ்வளவு நுட்பமான எண் இருந்தும், டிராக்கிங் பக்கத்தில் பத்து நாளாக ஒரே வரி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: ‘அனுப்பும் நாட்டிலிருந்து புறப்பட்டது’. புறப்பட்டது பார்சல் என்று நாம் படிக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் நடந்தது, அதைப் போட்ட தபால் பை மூடி முத்திரையிடப்பட்டது, அவ்வளவுதான். பைக்குத் தனியாக 29 எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு. மூடிய பின் உள்ளே இருக்கும் பார்சல்களை யாரும் ஸ்கேன் செய்வதில்லை. மறு நாட்டில் பை பிரியும்வரை பை எண் மட்டுமே பேசும். பை விமான நிலையக் கிடங்கில் கிடக்கலாம். தபால் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. பெட்டிகள் அதிகமான நாளில் பையை இறக்கி அடுத்த விமானத்துக்கு வைத்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் இந்தியா பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது வெளிநாட்டுத் தபாலும் அதோடு முடங்கியது. பயணிகள் பறக்காவிட்டால் பார்சலுக்கும் இடமில்லை.

இனி சென்னைக்கு வருவோம். வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் பை பிரிக்கப்பட்டதும் பார்சல் சுங்கத்துறையின் கண்முன் வருகிறது. மேலே ஒட்டிய அறிவிப்புச் சீட்டில் பொருள் என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கவேண்டும். ‘பரிசு’ என்று எழுதி வரியைத் தவிர்க்கும் பழக்கம் பெருகியதால், 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்த வழியையே அடைத்தது; உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டுமே விதிவிலக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த பார்சல்களில் போதை மாத்திரைகள் இருந்ததாகச் சென்னைச் சுங்கத்துறை பலமுறை அறிவித்திருக்கிறது. ஆகவே பிரித்துப் பார்க்கிறவரை வேகமாகச் செய்யச் சொல்லி அவசரப்படுத்துவதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை. கேள்வி அவருடைய வேகத்தைப் பற்றியதே இல்லை. அவர் முன்னால் எத்தனை பார்சல் வருகிறது, அவருக்கு ஓய்வு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியது.

டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-ல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, இணைப்புக்காகக் காத்திருப்பவர்களின் கணக்கை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு நமக்குச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஒரு மேசையில் ஓர் அலுவலர். சராசரியாக மணிக்குப் பத்து பார்சல் பார்ப்பார். ஒன்றுக்கு ஆறு நிமிடம். பார்சல்கள் ஒழுங்கில்லாமல், சில நேரம் சேர்ந்தும் சில நேரம் இடைவெளி விட்டும் வருகின்றன. மணிக்கு ஐந்து வந்தால், ஒரு பார்சல் வந்து முடிந்து போக சராசரி 12 நிமிடம். ஒன்பது வந்தால் ஒரு மணி நேரம். ஒன்பதரை வந்தால் இரண்டு மணி நேரம். ஒன்பதே முக்காலைத் தாண்டி 9.9 வந்தால் பத்து மணி நேரம்! வரத்து இன்னும் பத்தை எட்டவே இல்லை. அலுவலரால் சமாளிக்க முடிகிற அளவுதான். ஆனாலும் 9-க்கும் 9.9-க்கும் நடுவில் காத்திருப்பு பத்து மடங்காகிவிட்டது.

காரணம் ஒழுங்கின்மை. ஒரு மணி நேரம் வேலையில்லாமல் போனால் அந்த நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது. அடுத்த மணியில் ஒரேயடியாக இருபது பார்சல் வந்தால் நிலுவை தேங்கும். ஓய்வு நேரம் கொஞ்சம் இருந்தால் அந்த நிலுவை கரையும். ஓய்வே இல்லையென்றால் முந்தாநாள் தேங்கியது இன்றைக்கும் நிற்கும். விமானத் தபால் வருவதோ மூட்டை மூட்டையாக. நவம்பர் தள்ளுபடி விற்பனைகளும் கிறிஸ்துமஸும் வந்தால் மலையாக. இப்படி ஒரு மேசை அல்ல, ஊரில் வாங்கிச் சேர்க்கும் கிடங்கு, ஏற்றுமதிச் சுங்கம், விமானக் கிடங்கு, இறக்குமதிச் சுங்கம், பிரிப்பகம், வேலூர்ப் பக்கம் போகும் பையைக் கட்டும் இடம், கடைசியில் தபால்காரர் என்று வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை.

இந்த இடத்தில் காவேரிப்பாக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உதவுகிறது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் அவர்கள் ஊர் ஏரி, தமிழகத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. கொள்ளளவு சுமார் 1,474 மில்லியன் கன அடி. வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பி நிற்கிறது, நொடிக்கு 500 கன அடி உள்ளே வருகிறது, அதே 500 மதகும் கலங்கலும் வழியாக வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று நுழையும் ஒரு துளி, சராசரியாக எத்தனை நாள் கழித்து வெளியேறும்? இருப்பை வெளியேற்றத்தால் வகுத்தால் போதும்: ஏறக்குறைய 34 நாள். எந்தத் துளி எந்த வழியாகச் சுற்றியது என்று ஆராயவே வேண்டாம். இதே உண்மை நிலையாக ஓடும் எல்லா வரிசைக்கும் பொருந்தும் என்று 1961-ல் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் நிரூபித்தார். ஒரு பிரிப்பகத்தில் 40,000 பார்சல் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 2,000 வெளியே போகிறது என்றால், சராசரி காத்திருப்பு 20 நாள். முந்தி வந்தது முந்திப் போகிறதா, குலுக்கி எடுக்கிறார்களா என்பதெல்லாம் அந்தச் சராசரியை மாற்றாது. உங்கள் பார்சல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் மாற்றாது.

அப்படியானால் ஆம்பூரிலிருந்து கூரியரில் போகும் ஷூ சாம்பிள் மட்டும் நாலைந்து நாளில் ஜெர்மனியில் இருப்பது எப்படி? 1973 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் சேவையைத் தொடங்கியபோது 14 விமானங்கள் அன்றிரவு சுமந்தவை 186 பொட்டலங்கள். விமானங்கள் காலியாகப் பறந்தன என்றே சொல்லலாம். வேகத்தின் ரகசியம் அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது. பார்சல் வந்தவுடன் எடுத்துப்போக விமானமும், வாகனமும், சுங்க ஆவணம் தயாரிக்க ஆளும் முன்கூட்டியே காத்திருக்கவேண்டும். ஒன்று, பொருள் ஆளுக்காகக் காத்திருக்கிறது. இல்லை, ஆள் பொருளுக்காகக் காத்திருக்கிறார். வரத்து ஒழுங்கில்லாத உலகில் இரண்டில் ஒன்று நடந்தே தீரும். கூரியருக்குத் தபாலைப்போலப் பல மடங்கு கொடுக்கிறோமே, அது காத்திருக்கும் அந்த ஆளுக்கும் இடத்துக்கும் தரும் சம்பளம். மலிவான தபாலில் அந்தச் செலவை வாங்குகிறவர் நாட்களாகச் செலுத்துகிறார்.

கப்பலிலும் இதே விதிதான். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் மறுபடியும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஒரு வழிக்குப் பத்து, பதினான்கு நாள் கூடியது. போய்வர பத்து வாரம் ஆன தடத்தில் வாரம் ஒரு கப்பல் விடப் பத்து கப்பல் போதும். பதின்மூன்று வாரமானால் பதின்மூன்று வேண்டும். அதே லிட்டில் கணக்கு. கப்பல் நிறுவனங்களுக்கு அது வாடகை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூவும் தோலும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு, கடலில் மிதக்கும் தங்கள் பணம். தோல் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும், கூலி வாராவாரம் கொடுத்தாகவேண்டும், கண்டெய்னரோ ஆப்பிரிக்காவின் தென்கோடியில். பெரிய கம்பெனி தாங்கும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைதான் முதலில் மூச்சுத் திணறுகிறது.

காத்திருப்பு பெரும்பாலும் மேசையின் விஷயம் என்பதை 2025 ஆகஸ்ட் உலகத்துக்கே காட்டியது. 800 டாலர் வரையிலான சிறு பார்சல்களுக்கு அமெரிக்கா தந்திருந்த வரிவிலக்கு ஆகஸ்ட் 29-ல் முடிந்தது. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பொருட்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. எண்பதுக்கும் மேற்பட்ட அஞ்சல் நிர்வாகங்கள் இதையே செய்தன. விலக்கு முடிந்த நாளில் அமெரிக்காவுக்கான தபால் போக்குவரத்து, முந்தைய வாரத்தைவிட 81 சதவீதம் விழுந்துவிட்டதாக உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. விமானங்கள் வழக்கம்போல் பறந்துகொண்டிருந்தன. வரியை யார் கணக்கிடுவது, யார் வசூலிப்பது, யாரிடம் கட்டுவது என்பதற்கு மட்டும் ஆள் இல்லை.

அக்டோபர் 15-ல் சேவை மீண்டும் தொடங்கியபோது அந்த வேலை கடலின் இந்தப் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது: அமெரிக்க வரியை இங்கே பதிவு செய்யும்போதே வாங்கி, அங்கே கட்டுகிறார்கள். இதற்கு முன்பே 2022 டிசம்பரில் வந்த விதிகள், தபால்வழி ஏற்றுமதிக்கான சுங்க ஆவணத்தை இணையத்திலேயே தாக்கல் செய்ய வழி செய்தன. ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற பெயரில் நாடெங்கும் அஞ்சலகங்களில் அதற்கான மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. 2021-லேயே அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும், பார்சல் வருவதற்கு முன்னால் அதன் விவரம் கணினியில் வந்தாகவேண்டும் என்று கட்டாயமாக்கின. விவரம் முந்திப் போய்விட்டால், பார்சல் பறக்கும்போதே அங்குள்ள அலுவலர் எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துவிடலாம். பத்தில் ஒரு பார்சல் அவர் மேசைக்கு வராமலே நேராகப் போய்விட்டால்கூட, 9.9 கணக்கில் பார்த்தோமே, பத்து மணி நேரக் காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதற்குப் புது விமானம் வேண்டாம், அகலமான சாலையும் வேண்டாம். வாலாஜாவிலோ ஆம்பூரிலோ பார்சலைக் கொடுக்கிறவர் அறிவிப்புச் சீட்டில் ‘லெதர் ஐட்டம்’ என்று மொட்டையாக எழுதாமல், ஆண்கள் பணப்பை, ஆட்டுத்தோல், இரண்டு, இன்ன விலை என்று முழுதாக எழுதுவதிலிருந்து அது தொடங்கலாம்.